முதல் கேட்டமரான் வாங்கும் முன்: கவிழ்ந்தால் நீங்களே நிமிர்த்துவீர்களா?

"ரெண்டு ஹல் இருக்கே, அது எப்படிங்க கவிழும்?" கேட்டமரான், அதாவது ஹல் என்னும் நீளமான மிதக்கும் உடல்கள் இரண்டைச் சேர்த்துப் பிணைத்த பாய்மரப் படகு, பற்றி வரும் இந்தக் கேள்விக்கு வாயால் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொடுப்பதும், பழைய படகு வாங்கப் போகிறவர்களுக்காக அதைப் பார்த்துச் சொல்வதும் என் தொழில். அண்மையில் ஒரு கணவன் மனைவி, இருவருமே ஒல்லியான உடம்பு, அடிப்படைப் பயிற்சி முடித்த கையோடு மலிவாகக் கிடைக்கிறதே என்று 18 அடிப் பந்தயக் கேட்டமரான் ஒன்றை யாரையும் கேட்காமல் வாங்கிவிட்டார்கள். மிதமான காற்றில், கரையிலிருந்து பார்த்தால் தெரிகிற தூரத்தில்தான் கவிழ்ந்தது. எப்படி நிமிர்த்துவது என்று அவர்களுக்குத் தெரியும். எடைதான் போதவில்லை. பாய்மரத்துக்குள் தண்ணீர் ஏறி, படகு முழுக்கத் தலைகீழாகப் புரண்டு, மீட்புப் படகு வரும்வரை இருவரும் ஹல்லைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள். யாருக்கும் அடியில்லை. ஆனால் அந்த அம்மா இனி தண்ணீர்ப் பக்கமே வரமாட்டேன் என்கிறார், படகு மறுபடி விற்பனைக்கு வந்துவிட்டது, அதை வாங்கலாமா என்று இன்னொரு புதியவர் என்னிடம் கேட்கிறார்!

சரி, விஷயத்துக்கு வருவோம். கேட்டமரான் கவிழாது என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். விடுமுறையில் 40 அடிப் பயணக் கேட்டமரானில் உட்கார்ந்து வந்திருப்பார்கள், டம்ளரில் இருந்த தண்ணீர் தளும்பியிருக்காது. பல டன் எடையும் பெரிய அகலமும் உள்ள படகு அது. கரையில் தள்ளி இறக்கும் 16 அடிப் படகுக்கும் அதற்கும் ஹல்லின் எண்ணிக்கையைத் தவிர ஒற்றுமை குறைவு. அந்தப் பெரிய படகும் கவிழாது என்றில்லை, அபூர்வமாகக் கவிழும், கவிழ்ந்தால் தானாக நிமிரவே நிமிராது.

அடியில் கீல் என்ற கனத்த எடைத்தகடு உள்ள ஒற்றை ஹல் படகு காற்றடித்ததும் சுலபமாகச் சாய்ந்துவிடும், பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் சாயச் சாய அந்தக் கீலின் எடை அதைத் திரும்ப இழுக்கும். கேட்டமரானில் நேர் எதிர். ஆரம்பத்தில் சாயவே சாயாது. காற்று வரும் பக்கத்து ஹல் தண்ணீரைவிட்டு எழும்பும் அந்தக் கணத்தில்தான் அதன் தாங்கும் வலு உச்சத்தில் இருக்கிறது, அதற்குமேல் சாயும் ஒவ்வொரு டிகிரிக்கும் அந்த வலு குறைந்துகொண்டே போகும். அதாவது படகு "இனி என்னால் முடியாது" என்று சொல்லும்போது உங்களுக்கு அது ஜாலியாகப் பறப்பதுபோல இருக்கும். முதல் முறை ஹல் எழும்பும்போது எல்லோரும் சிரிக்கிறார்கள், நான் மட்டும் அவர்கள் கையில் இருக்கும் பாய்க் கயிற்றைத் தளர்த்துகிறார்களா என்று பார்க்கிறேன்.

இன்னும் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் இங்கேதான் எல்லோரும் தலையாட்டிவிட்டு மறந்துபோகிறார்கள். ஹோபி 16 என்ற படகை எடுத்துக்கொள்ளுங்கள். ஹோபி ஆல்டர் வடிவமைத்தது, கடற்கரைகளில் அதிகம் பார்க்கும் கேட்டமரான்களில் ஒன்று. அகலம் சுமார் 2.4 மீட்டர், எடை சுமார் 145 கிலோ. படகின் எடை நடுவில் விழுகிறது, எனவே காற்று போகும் பக்கத்து ஹல்லிலிருந்து அளந்தால், கவிழாமல் தடுக்க அதற்குக் கிடைக்கும் நெம்புகோல் சுமார் 1.2 மீட்டர்தான். இரண்டு பேர் சேர்ந்து 150 கிலோ என்று வைத்துக்கொண்டு அவர்கள் காற்றுப் பக்க விளிம்பில் உட்கார்ந்தால் அவர்களுக்கு ஏறக்குறைய 2.4 மீட்டர். பெருக்கிப் பாருங்கள்: படகின் பங்கு 174, ஆட்களின் பங்கு 360. படகை நிறுத்தி வைப்பதில் மூன்றில் இரண்டு பங்கு நீங்கள்தான்! ஹல் இரண்டா மூன்றா என்பதைவிட உங்கள் உடம்பு எந்தப் பக்கம், எவ்வளவு சீக்கிரம் போகிறது என்பதுதான் கணக்கு. அப்புறம் காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 10 நாட் (கடலில் வேகத்தை அளக்கும் அலகு) காற்றில் சுகமாகப் போன படகில் 14 நாட் வீச்சு வந்தால் பாயின்மேல் விசை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

பக்கவாட்டில் கவிழ்வது மட்டும்தான் ஆபத்து என்றும் நினைக்காதீர்கள். வேகமாகப் போகும்போது காற்று போகும் பக்கத்து ஹல்லின் முனை தண்ணீரில் குத்தி, படகு குறுக்காகத் தலைக்குப்புற விழும். ட்ரப்பீஸில், அதாவது பாய்மரத்திலிருந்து வரும் கம்பியில் கொக்கி மாட்டிப் படகுக்கு வெளியே, தொங்கிக்கொண்டிருப்பவர் சுழன்று முன்பக்கம் போய் மோதுவார். பின்னால் நகர்ந்து உட்காருங்கள், பாயைத் தளர்த்துங்கள்.

ஆக, முதல் படகைத் தேர்ந்தெடுக்க நான் கேட்பது ஒரே கேள்வி. வழக்கமாக உங்களோடு வரப்போகிற ஆட்களை மட்டும் வைத்து, வெளியுதவி இல்லாமல், அதை நிமிர்த்த முடியுமா? "நண்பர்கள் வருவார்கள்" என்ற பதில் வேண்டாம், மூன்றாவது வாரமே யாரும் வரமாட்டார்கள். தனியாகப் போகிறவர் 16 அடிக்குமேல் யோசிக்கவே வேண்டாம், 13, 14 அடி போதும். ஹோபி வேவ் போல வார்ப்புப் பிளாஸ்டிக்கில் செய்த 13 அடிப் படகுகள் கொஞ்சம் மந்தம்தான், பந்தயக்காரர்கள் கிண்டலடிப்பார்கள், அடிக்கட்டும். மணலில் இழுத்தால் தாங்கும், கல்லில் இடித்தால் உடனே விரிசல் விடாது, அதில் பாயின் கீழே தலையில் இடிக்கும் பூம் கட்டையும் கிடையாது. ஒரே குறை, பிளாஸ்டிக் கிழிந்தால் ஃபைபர் போல வீட்டிலேயே ஒட்டிச் சரிசெய்ய முடியாது. இரண்டு பெரியவர்கள் எப்போதும் சேர்ந்தே போவார்கள் என்றால் 16 அடி சரி. ஹோபி 16, டார்ட் 18 போன்றவற்றில் ஹல்லுக்குக் கீழே இறக்கும் டேகர்போர்டு என்ற பலகை இல்லை, ஆழமில்லாத இடத்தில் மணலில் ஏற்றும்போது அது எவ்வளவு நிம்மதி என்பது போர்டை ஒருமுறை உடைத்தவருக்குத்தான் தெரியும். நாக்ரா 17, டொர்னாடோ இதெல்லாம் ஒலிம்பிக்கில் ஓடிய படகுகள். பழசாகி மலிவாக வருகிறது என்பதற்காக அது ஆரம்பப் படகு ஆகிவிடாது. தயவுசெய்து.

பாய்மர உச்சியில் கட்டும் மிதவை அசிங்கமாக இருக்கிறது என்று கழற்றி வைக்கிறவர்களை என்ன சொல்வது! படகு பக்கவாட்டில் கிடக்கும்வரை நிமிர்த்துவது சுலபம், முழுக்கப் புரண்டுவிட்டால் கஷ்டம். அந்தப் புரளலைத் தடுப்பதுதான் அந்த மிதவையின் ஒரே வேலை. முதல் வருஷம் முழுக்க இருக்கட்டும்.

பழைய படகு என்றால் பெயின்டைப் பார்க்காதீர்கள். இரண்டு ஹல்லையும் இணைக்கும் முன்குறுக்குச் சட்டத்துக்கு முன்னால் ஹல்லின் மேல்தளத்தில் இரண்டு கட்டைவிரலையும் வைத்து அழுத்துங்கள். கெட்டியாக இருக்க வேண்டும். லேசாக அமுங்கி, உள்ளே மொறுமொறுவென்று சத்தம் வந்தால் ஃபைபரும் நடுவில் உள்ள நுரையும் பிரிந்துவிட்டன என்று அர்த்தம், பேரம் பேசாமல் கிளம்புங்கள். ஒரு நாணயத்தால் வரிசையாகத் தட்டிக்கொண்டே போங்கள், கணீரென்று கேட்ட சத்தம் திடீரென்று மந்தமானால் அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஹல்லைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பாருங்கள், மணலில் இழுத்தே தேய்ந்து காகிதமாகியிருக்கும் படகுகள் ஏராளம். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளைப் பழைய துணியால் உருவுங்கள். துணி எங்காவது சிக்கினால் அங்கே ஒரு இழை அறுந்திருக்கிறது. அந்தக் கம்பி மட்டுமில்லை, எல்லாக் கம்பியையும் மாற்றும் செலவை விலையில் கழியுங்கள். விற்பவர் "ரெண்டு மூணு தடவைதான் ஓட்டினேன்" என்பார், எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள், இரண்டு ஹல்லுக்கும் நடுவில் உட்காரக் கட்டிய ட்ராம்போலின் துணியின் தையல் வெயிலில் எவ்வளவு இற்றுப்போயிருக்கிறது என்பதைப் பார்த்தால் உண்மை தெரியும்.

வாங்கியபின் முதல் வேலை ஓட்டுவது அல்ல, கவிழ்ப்பது. காற்று குறைவான நாளில், பாதுகாப்புப் படகு பக்கத்தில் இருக்க, பாய்மர உச்சி அடியில் குத்தாத அளவு ஆழத்தில் வேண்டுமென்றே கவிழ்த்துப் பாருங்கள். எல்லாப் பாய்க் கயிறுகளையும் பூட்டிலிருந்து விடுவியுங்கள். பாய்மர உச்சி காற்று வரும் திசையைப் பார்க்குமாறு படகைத் திருப்புங்கள், காற்றே பாயின் அடியில் புகுந்து தூக்கிக்கொடுக்கும். மேலே நிற்கும் ஹல்மீது கயிற்றைப் போட்டு, கீழ் ஹல்லில் நின்று மல்லாந்து தொங்குங்கள். நிமிரும்போது மேல் ஹல் தலைமேல் வரும், ஒதுங்கி, அதே சமயம் படகையும் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அது மறுபக்கம் விழும் அல்லது உங்களை விட்டுவிட்டுப் போய்விடும். முடியவில்லையா? அந்தப் படகு உங்களுக்குப் பெரியது, நல்ல விலைக்கு விற்றுவிடுங்கள்.

மற்றதெல்லாம் சுருக்கமாக. பாய்க் கயிற்றைக் கையில் சுற்றாதீர்கள். நுரை அடைத்த மிதவை உடுப்பு போடுங்கள், தண்ணீர் பட்டதும் தானாக ஊதும் வகை இந்தப் படகுக்கு வேண்டாம், ட்ராம்போலினுக்கு அடியில் மாட்டிக்கொண்டால் அது உங்களை மேல்நோக்கி அழுத்திப் பிடித்துவிடும், முங்கி வெளியே வர முடியாது. கயிறு அறுக்கும் சின்னக் கத்தி ஒன்று உடுப்பிலேயே இருக்கட்டும். கவிழ்ந்தால் கரை பக்கத்தில்தானே என்று நீந்தக் கிளம்பாதீர்கள், படகைத்தான் தேடுபவர் கண்ணுக்குத் தெரியும், உங்கள் தலை தெரியாது. எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். பாய்மரத்தை நிறுத்துவதற்கு முன்பும், நிறுத்திய படகைத் தள்ளிக்கொண்டு போவதற்கு முன்பும் அண்ணாந்து பாருங்கள். அலுமினியப் பாய்மரம் மின்கம்பியில் பட்டுத் தண்ணீரில் கால் வைக்கும் முன்பே இறந்தவர்கள் உண்டு, அதனால்தான் ஹோபி 16 பாய்மரங்கள் பலவற்றில் உச்சித் துண்டை மின்சாரம் கடத்தாத பொருளில் செய்திருக்கிறார்கள். பழைய படகில் அது இருக்கிறதா என்று வாங்குமுன் கேளுங்கள், இருந்தாலும் அண்ணாந்து பாருங்கள்.