ஜகாத்: சொல்லும் பொருளும்

வசதியுள்ள முஸ்லிம்கள் தம் செல்வத்திலிருந்து ஆண்டுதோறும் கட்டாயமாகக் கொடுக்க வேண்டிய பங்குதான் ஜகாத். அரபியில் ஸகாத். தமிழ்நாட்டில் பெரும்பாலும் ஜகாத் என்று எழுதுகிறோம். இலங்கையில் ஸகாத் என்பதே வழக்கு. வேர்ச்சொல்லுக்கு வளர்தல், தூய்மையடைதல் என இரு பொருள். கையை விட்டுப் போகும் பணத்துக்கு வளர்ச்சி என்று பெயர் வைத்தது வட்டிக்கு நேர் எதிரான கணக்கு. வட்டியை இறைவன் அழிக்கிறான், தருமங்களைப் பெருக்குகிறான் என்கிறது குர்ஆன் (2:276). இதே சொல் பாரசீகம் வழியாக மராத்திக்கும் கன்னடத்துக்கும் போய், ஜகாத், ஜகாதி என்று சுங்கவரியைக் குறிக்கலாயிற்று. அரசாங்கத்தின் கையில் சிக்கிய சொல்லுக்கு அதுதான் கதி!

நிஸாப் எனும் வரம்பை (ஹனஃபி எனும் மத்ஹபின், அதாவது இஸ்லாமியச் சட்ட மரபின், வழக்கில் தங்கம் என்றால் 87.48 கிராம்) எட்டிய செல்வத்தின் மீது ஒரு சந்திர ஆண்டு கடந்தால் நாற்பதில் ஒரு பங்கு, அதாவது 2.5 விழுக்காடு கடமையாகும். மளிகைக் கடைக்காரர் என்றால் மூட்டையில் இருக்கும் அரிசி, பருப்பும் கல்லாப் பணமும் கணக்கில் வரும். தராசும் ஃப்ரிட்ஜும் கடைக் கட்டடமும் வராது. லாபத்தில் மட்டுமல்ல, முதலிலும் சேர்த்தே கொடுக்க வேண்டும். ஆகவே பூட்டி வைத்த பணம் ஆண்டுதோறும் கரையும். தொழிலில் இறக்கினால்தான் ஈடுகட்ட முடியும். பெண்கள் அணியும் நகைக்கு ஹனஃபி மத்ஹபில் உண்டு, ஷாஃபி மத்ஹபில் பொதுவாக இல்லை. நம்மிடையே இரு மத்ஹபினரும் இருப்பதால் ரமலான் வந்தாலே இந்தக் கேள்வியும் வந்துவிடும்.

தமிழில் என்ன சொல்வது? ‘தானம்’ பொருந்தாது, அது விருப்பம், ஸதகா எனும் விருப்பக் கொடைக்குத்தான் சரி. ‘ஏழை வரி’ என்று எழுதுவோர் உண்டு. ஆனால் பெறத் தகுதியுடையோராகக் குர்ஆன் (9:60) சொல்லும் எட்டு வகையினரில் வழிப்போக்கரும் கடனாளியும்கூட உண்டு. கடனாளியிடம் வட்டி வாங்குவது விலக்கு, அவர் கடனை அடைக்கப் பணம் கொடுப்பது கடமை என்ற இந்த இடம்தான் இஸ்லாமிய நிதி முறையின் உயிர்நாடி என்பேன். அதை ‘ஏழை வரி’ மறைத்துவிடுகிறது. ‘கட்டாயக் கொடை’ தேவலை. பேச்சில் ஜகாத் என்றே விட்டுவிடலாம்.

வங்கி வட்டியை எடுத்து ஜகாத்தாகக் கொடுத்தால் செல்லாது. அது தன் பணமே அல்ல என்பது மார்க்க அறிஞர்களின் நிலை. நன்மையை எதிர்பாராமல் அதை ஏழைகளுக்குக் கொடுத்து ஒழித்துவிட்டு, ஜகாத்தைத் தனியே கணக்கிட வேண்டும்.