மந்துக்காலும் விரலிடுக்கும்

பாலக்காட்டுப் பக்கம் நாராணத்துப் பிராந்தன் என்ற பித்தனின் கதை தெரியாதவர் குறைவு. சுடுகாட்டில் சோறு பொங்கிக்கொண்டிருந்தவனைக் காளி விரட்டப் பார்க்கிறாள். ஆள் அசையவில்லை. போகட்டும், வரம் கேள் என்கிறாள். சாவை ஒருநாள் தள்ளிப்போடு என்றான், முடியாது. ஒருநாள் முன்னால் கொண்டுவா என்றான், அதுவும் முடியாது. அப்படியானால் ஒரு காலில் இருக்கும் மந்தை மறுகாலுக்கு மாற்று என்றான். அது மட்டும் நடந்தது. மந்து என்றால் இங்கே யானைக்கால், அதாவது நிணநீர் வடியாமல் கால் வீங்கிப் பெருப்பது.

உடற்கூறு படித்தவர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு சிரிப்பு உண்டு. இரண்டு கால்களின் நிணநீரும் வயிற்றுக்குள் ஒன்றுசேர்ந்து, நெஞ்சின் வழியே ஒரே குழாயாக ஏறி, கழுத்தின் இடப்பக்கத்துப் பெரிய சிரையில்தான் கலக்கிறது. மந்து எந்தக் காலுக்குப் போனாலும் நீர் போய்ச் சேரும் இடம் மாறுவதில்லை.

அந்த நீர் எங்கிருந்து வருகிறது? மயிரிழை போன்ற இரத்தக் குழாய்களான தந்துகிகளின் சுவர் முழுக்க அடைத்த சுவர் அல்ல. அதன் வழியே தண்ணீரும் கொஞ்சம் புரதமும் ஓயாமல் கசிந்து திசுக்களை நனைக்கின்றன. ஒரு நாளுக்கு 2 முதல் 4 லிட்டர் என்று பழைய பாடநூல்கள் சொல்லின. இன்றைய மதிப்பீடு 8 லிட்டர் வரை போகிறது. சித்தூர் வயல்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை: வாய்க்கால் சரியாக இருந்து வடிகால் தூர்ந்தால் பயிர் அழுகும். நிணநீர்க் குழாய்கள் அந்த வடிகால்தான். அவற்றுக்குத் தனியாக இதயம் கிடையாது. குழாய்ச் சுவர்களே நிமிடத்துக்குச் சில முறை சுருங்கி நீரை மேலே தள்ளும். கெண்டைக்கால் தசை நடக்கும்போதெல்லாம் கைகொடுக்கும். உள்ளே இருக்கும் வால்வுகள் திரும்பி இறங்க விடாது.

குழாய் கெட்டால் தண்ணீரோடு புரதமும் தேங்குகிறது. புரதம் இன்னும் தண்ணீரை இழுக்கும். நாளடைவில் அந்த இடத்தில் நாரும் கொழுப்பும் வளரும். இதனால்தான் சிறுநீரை அதிகப்படுத்தும் மாத்திரை இந்த வீக்கத்துக்கு உதவுவதில்லை. இதய வீக்கத்துக்குக் கொடுத்த மாத்திரையை வீட்டிலேயே எடுத்துக் காலுக்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், வீண். சந்தேகம் வந்தால் காலின் இரண்டாம் விரல் தொடங்கும் இடத்தில், மேற்புறத் தோலைக் கிள்ளிப் பாருங்கள். பிடிக்கே வராமல் தடித்திருந்தால் நிணநீர் வீக்கம் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். பிடிக்கு வந்தது என்பதற்காக இல்லை என்று ஆகிவிடாது.

நம் ஊரில் குழாயைக் கெடுக்கும் முதல் குற்றவாளி ஃபைலேரியா புழு. கொசு இதைச் சுமக்கிறது என்பதை 1877இல் சீனத்தின் அமோய் நகரில் பேட்ரிக் மேன்சன் கண்டார். புழுக்குஞ்சுகள் நள்ளிரவை ஒட்டியே இரத்தத்தில் உலாவும். சுகாதாரப் பணியாளர்கள் ராத்திரி பத்து மணிக்குமேல் கதவைத் தட்டி விரலில் குத்தியது இதற்காகத்தான். சாக்கடைக் கியூலெக்ஸ் கொசு பரப்பும் வூச்செரேரியா என்ற புழு வகைதான் இந்தியாவில் கிட்டத்தட்ட எல்லாமும். நீர்த்தாவரங்களின் வேரில் மூச்சுவிட்டு வளரும் மான்சோனியா கொசு பரப்பும் புருகியா வகைக்குக் கேரளத்தின் சேர்த்தலை ஒருகாலத்தில் பேர்போனது.

ஆனால் புழு குழாயை விரியவைத்துப் பழுதாக்குகிறதே தவிர, காலை யானைக்காலாக்கும் வேலையில் பெரும்பங்கு பாக்டீரியாவுக்கு. இது பலருக்கும் தெரியாது. தெரிந்தால் பாதித் துன்பம் குறையும் என்று நினைக்கிறேன். நடவு நாளில் சேற்றிலேயே நிற்கும் காலில் விரலிடுக்கு ஊறி வெடிக்கும். சேற்றுப்புண். அந்த வெடிப்பு வழியே ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நுழையும். தொடையிடுக்கில் நெறி கட்டும், குளிர்க்காய்ச்சல் வரும், கால் சிவந்து நெருப்பாய்க் காயும். நாலைந்து நாளில் அடங்கிவிடும். ஆனால் ஒவ்வொரு முறையும் இன்னும் சில குழாய்கள் போகும், தோல் இன்னும் கொஞ்சம் தடிக்கும். புழு எப்போதோ செத்திருக்கும்; கால் பெருத்துக்கொண்டே இருக்கும்.

ஆகவே மருத்துவத்தின் முதல் படி சோப்பு. தினமும் ஒருமுறை, குளிர்ந்த நீரில், விரல் விரலாக, மடிப்பு மடிப்பாக மெதுவாகக் கழுவ வேண்டும். பிறகு பழைய பருத்தித் துணியால் ஒற்றி ஈரத்தை எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. இடுக்கில் பூஞ்சை இருந்தால் களிம்பு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாளி, மக், சோப்பு, துண்டு, களிம்பு என்று பை கொடுப்பது இதற்காகவே. வாங்கிப் போய் வாளியை மாட்டுக்கு வைத்துவிடாதீர்கள். காய்ச்சல் கண்டால், காலில் துணிக்கட்டு போட்டிருந்தால் அதை அவிழ்த்துவிட்டு ஆன்டிபயாடிக்குக்கு ஓட வேண்டும்.

அடுத்தது கட்டு. மெடிக்கலில் வாங்கும் இழுவைக் கட்டு ஓய்விலும் இறுக்கிக்கொண்டே இருக்கும். இதற்கு வேண்டியது அதிகம் இழுபடாத கட்டு. நடக்கும்போது தசை அதன்மேல் மோதித் தானே பம்பாகும். விரலிலிருந்து தொடங்கிப் பல அடுக்காகச் சுற்றுவதற்குப் பழகிய கை வேண்டும். கால் தமனியில் அடைப்பு உள்ளவர்களுக்கு இது ஆபத்து. கட்டும் முன் நாடி பார்ப்பார்கள். எண்ணெய் விட்டு அழுத்தி உழிவது இங்கே வழக்கம். நிணநீரை நகர்த்தும் தடவலோ தோலை மட்டும் நகர்த்தும் அளவு மெல்லியது. அதையும் வீங்கிய காலில் தொடங்காமல், மேலே உள்ள வழியை முதலில் திறந்துவிட்டுப் பிறகுதான் கீழே வருவார்கள். காசர்கோட்டில் ஒரு தோல்நோய் நிறுவனம் ஆயுர்வேதம், யோகாவின் மூச்சுப் பயிற்சி, கட்டு மூன்றையும் இணைத்துச் சிகிச்சை தருகிறது.

புழுவே இல்லாமலும் வீங்கும். மார்பகப் புற்றுக்கு அக்குளில் நிணநீரை வடிகட்டும் நிணநீர்க் கணுக்களை எடுத்தால் கை வீங்கலாம். குடம்கூடத் தூக்காதே என்று அந்தப் பெண்களைப் பல காலம் பயமுறுத்தினார்கள். 2009இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு, மேற்பார்வையில் படிப்படியாக எடை தூக்கினால் வீக்கம் கூடவில்லை என்று காட்டியது.

அறுவையும் உண்டு. நிணநீர்க் கணுவைப் பக்கத்துச் சிரையோடு தைத்துப் புதுவழி தருவதைத் தஞ்சாவூரில் டாக்டர் ஜமால் பல ஆண்டுகளுக்கு முன்பே செய்து எழுதினார். தோல் கல்லாகிவிட்ட காலில் வெட்டி எடுப்பதும் உண்டு; அதற்குப் பிறகும் கட்டு போடத்தான் வேண்டும். எளிதில் தீர்வது இதே புழுவால் வரும் விதைவீக்கம்: சின்ன அறுவையில் சரியாகும். அதைத்தான் ஆண்கள் வருஷக்கணக்கில் வேட்டிக்குள் மறைத்துக்கொண்டு திரிகிறார்கள்.