முதியோர் இல்லம்: குத்துவது எந்தச் சொல்?

ஏற்காட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு, மலைக்குப் போகிறவர் ஒருவரிடம் ஒரு பெட்டி மல்கோவா கொடுத்துவிட்டேன். சாயங்காலம் போன் வந்தது. “பழம் நல்லா இருக்குது. பெட்டி மேல எதுக்குக் கண்ணு இல்லத்துப் பேரைப் போட்டே? கதவு நம்பரும் தெருவும் போதாதா?”

சொல்லைப் பிரித்துப் பார்த்தால் குறை எதுவும் இல்லை. ‘முது’ என்ற வேரிலிருந்துதான் முதுமை, முதிர்ச்சி, மூதூர் எல்லாம். ‘இல்’ என்றால் வீடு. இல்லாள், இல்லறம் என்பவற்றில் இருப்பதும் அதுவே. ‘கிழவன்’கூட ஒரு காலத்தில் வசவு இல்லை. கிழமை என்றால் உரிமை, கிழவன் உரியவன். தொல்காப்பியத்தில் காதல் தலைவனும் தலைவியும் கிழவன், கிழத்திதான். சேக்கிழார் பெயரிலும், ஞாயிற்றுக்கு உரிய நாளான ஞாயிற்றுக்கிழமையிலும் அந்தப் பொருள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கூச்சத்தை மறைக்கப் புதுப் பெயர்கள் வந்தன. ‘கருணை இல்லம்’ எனக்குப் பிடிப்பதில்லை. மாதாமாதம் பணம் கட்டி இருப்பவருக்கு யாருடைய கருணை? ‘காப்பகம்’ அதைவிட மோசம். புலிகளுக்கும் காப்பகம்தான். ‘மூத்த குடிமக்கள்’ ஆங்கிலத்தின் நிழல். ரயில் டிக்கெட்டுக்குச் சரி, வீட்டுத் திண்ணைக்கு ஆகாது. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டம் அறுபது நிறைந்தவரை மூத்த குடிமக்கள் என்கிறது. அதே சட்டம் மாவட்டத்துக்கு ஒன்றாவது, குறைந்தது 150 பேர் தங்கும்படி மாநில அரசு அமைக்கலாம் என்று சொல்வது முதியோர் இல்லத்தைத்தான்.

அதனால் அந்தப் பெயரே இருக்கட்டும் என்பேன். பணம் கட்டித் தனி வீடாக வாழும் இடத்துக்கு மூத்தோர் குடியிருப்பு, படுக்கையில் இருப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் இடத்துக்கு முதியோர் பராமரிப்பகம் என்று பிரித்துச் சொன்னால் குழப்பமும் இராது.

அப்புறம், குத்துவது பெயர்ச்சொல்லே இல்லை, பின்னால் வரும் வினைச்சொல். “ஹோம்ல விட்டுட்டாங்க” என்பார்கள். குடையை விடுவது போல, மாட்டை விடுவது போல. கொஞ்சம் நாகரிகமானவர்கள் “சேர்த்தாச்சு” என்பார்கள், பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்ப்பது மாதிரி. இரண்டிலும் போனவர் செயப்படுபொருள்தான்.

பெரியம்மாவிடம் யாராவது கேட்டால் அவர் சொல்வது வேறு: “நான் ஏற்காட்டுல இருக்கறேன்.” அடுத்த பெட்டியில் கதவு எண்ணும் தெருவும் மட்டும் எழுதினேன்.