ஷேடரில் நிறம் சரியில்லையா? ஸ்லைடரை அப்புறம் தொடலாம்

"காட்சி மங்கலாக இருக்கிறது, பிரைட்னஸைக் கொஞ்சம் ஏற்றிக் கொடுங்கள்" என்று என்னிடம் வரும் ஷேடர்களை (விளையாட்டுக் காட்சியின் ஒவ்வொரு புள்ளிக்கும் நிறம் கணக்கிடும் சிறு நிரல்களை) திறந்தால், பெரும்பாலும் பிரைட்னஸில் ஒரு குறையும் இருக்காது. எஸ்ஆர்ஜிபியில் (படக் கோப்புகள் வழக்கமாக நிறத்தைச் சேமிக்கும் முறை) வந்த டெக்ஸ்ச்சரை, அதாவது பொருளின் மேல் ஒட்டும் படத்தை, லீனியராக (ஒளியின் அளவுக்கு நேர்விகிதமான எண்ணாக) மாற்றாமலே ஒளிக்கணக்கு போட்டிருப்பார்கள்.

சாதாரணப் படக் கோப்பில் உள்ள எண், ஒளியின் அளவுக்கு நேர்விகிதத்தில் இருப்பதில்லை. இருட்டான பகுதியில் சின்ன வித்தியாசத்தையும் கண் பிடித்துவிடும் என்பதால், 8 பிட்டுக்குள் இருட்டுக்குத்தான் அதிக இடம். அதனால் 0.5 என்று சேமித்திருப்பது முழு ஒளியில் சுமார் 21 சதவீதம்தான். ஷேடர் அதைப் பாதி ஒளி என்று நம்பிக் கூட்டுகிறது, பெருக்குகிறது. இரண்டு விளக்குகளின் ஒளி சேரும் இடம் வெளுத்துப்போவதும், சிவப்பும் பச்சையும் கலக்கும் ஓரத்தில் அழுக்கான கோடு விழுவதும் இதனால்தான். ஸ்லைடரால் இதை மறைக்கலாம். விளக்கை நகர்த்தினால் போச்சு.

இன்ஜினில் (விளையாட்டை இயக்கும் மென்பொருளில்) நிறப் படங்களை மட்டும் எஸ்ஆர்ஜிபி என்று குறியுங்கள். நார்மல் மேப் (பரப்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது), ரஃப்னெஸ் மேப் (பரப்பு எவ்வளவு சொரசொரப்பு என்பது) எல்லாம் நிறமல்ல, தரவு. கணக்கு முடிந்ததும் ஒரே ஒரு முறை எஸ்ஆர்ஜிபிக்குத் திரும்ப மாற்ற வேண்டும். இன்ஜினும் மாற்றி, ஷேடரும் மாற்றினால் காட்சி முழுக்க வெளிறிவிடும். அப்புறம், மானிட்டரில் இரவு ஒளி அமைப்பு இயங்குகிறதா என்றும் பாருங்கள். சிரிக்காதீர்கள், அதனாலேயே வரும் புகார்களும் உண்டு.

சாச்சுரேஷனில் (நிறத்தின் அடர்த்தியில்) நடப்பது வேறு. நிறத்தை அதன் சாம்பல் மதிப்பிலிருந்து விலக்கித்தான் அதை ஏற்றுவோம். அந்தச் சாம்பல் மதிப்புக்காக மூன்று நிறங்களையும் கூட்டி மூன்றால் வகுக்கிறார்கள். கண்ணுக்குப் பச்சைதான் அதிக வெளிச்சம். லீனியர் மதிப்பில் சிவப்புக்கு 0.2126, பச்சைக்கு 0.7152, நீலத்துக்கு 0.0722 என்று பெருக்கிக் கூட்டுங்கள். சராசரி எடுத்தால் நீல வானம் தேவைக்கு மேல் வெளுக்கும், புல் கறுத்துவிடும். சாச்சுரேஷனை அதிகம் ஏற்றும்போது ஏதாவது ஒரு நிறம் பூஜ்யத்துக்குக் கீழே போகும். அந்த எதிர்மறை எண் அடுத்த வரியில் இருக்கும் அடுக்குக் கணக்கில் (pow) விழுந்தால், விடையே எண்ணாக இருக்காது. திரையில் எங்கோ ஒரு கறுப்புப் புள்ளி வரும். புளூம் (வெளிச்சமான இடத்தைச் சுற்றி ஒளி கசிவதுபோல் காட்டும் விளைவு) அதைப் பெரிய கட்டமாகப் பரப்பிவிடும். பூஜ்யத்துக்குக் கீழே போகவிடாமல் ஒரு மேக்ஸ் (இரண்டு எண்களில் பெரியதை எடுக்கும் கட்டளை) போட்டால் தீர்ந்தது. ஆனால் மேல்பக்கம் 1-இல் வெட்டாதீர்கள். அது டோன் மேப்பிங்கின் (அதிக ஒளியைத் திரை காட்டக்கூடிய அளவுக்குள் அடக்கும் கட்டத்தின்) வேலை.

கான்ட்ராஸ்ட்டை (இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள வித்தியாசத்தை) லீனியரில் 0.5-ஐ மையமாக வைத்து ஏற்றினால் காட்சி இருண்டுவிடும். நடுச்சாம்பல் 0.18 பக்கம்தான்.

சரி, எல்லாம் அழகாக வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். விளையாட்டில் எதிரிக்குச் சிவப்பு, கூட்டாளிக்குப் பச்சை என்று வைத்திருக்கிறீர்களா? ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 சதவீதம் பேருக்குச் சிவப்பு, பச்சை குழம்பும். மேலே சொன்ன சாம்பல் கணக்கைக் கடைசி வரியாகப் போட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். இருவரும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால், ஒன்றின் வெளிச்சத்தை மாற்றுங்கள், அல்லது தலைக்கு மேல் வேறு வடிவத்தில் ஒரு குறி வையுங்கள்.