படுத்தால் கூடும் தலையிடி

பிள்ளை பிறந்து பன்னிரண்டாம் நாள். கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த அந்தத் தாய் ஸ்கேன் மேசையில் சாயவே பயந்தார். "படுத்தாத்தான் டொக்டர் கூட இடிக்குது" என்றார். ஐந்து நாளாக பனடோல். முதலில் காட்டிய இடத்தில் நித்திரைக் குறைவு என்று அனுப்பியிருக்கிறார்கள். அன்று காலை கண்ணும் மங்கிவிட்டது.

மண்டையோட்டின் உட்புறத்தை நான் முதலில் தொட்டுப் பார்த்தது கின்சி வீதி மருத்துவ பீடத்தில். நெற்றியிலிருந்து பிடரிவரை நடுவே விரலை ஓட்டினால் ஆழமில்லாத ஒரு பள்ளம் தட்டுப்படும். மூளையைப் போர்த்திய தடித்த உறைக்குள் ஓடும் பெரிய நாளக் கால்வாயின் தடம் அது. பிடரியில் இரண்டாகப் பிரிந்து, காதுகளுக்குப் பின்னால் வளைந்து, கழுத்துக்கு இறங்குகிறது. மூளைக்கு நிமிடத்துக்குச் சுமார் 750 மில்லிலீட்டர் ரத்தம் போகிறது. அது திரும்பிவர இதுதான் முக்கிய வழி. மூளையைச் சுற்றியுள்ள நீரும் இதற்குள் வடிகிறது. வழி அடைபட்டால் இரண்டும் தேங்கும். மண்டையோடு விரிந்து கொடுக்காது. படுக்கும்போது அழுத்தம் இன்னும் ஏறும்.

மருந்து ஏற்றி எடுத்த படத்தில், பிடரிப் பக்கம் அந்தக் கால்வாய் முழு வெள்ளை முக்கோணமாகத் தெரிய வேண்டும். அவருடையதில் ஓரம் மட்டும் வெள்ளை, நடுவில் கருமை. ரத்தம் உறைந்திருந்தது. பக்கத்திலேயே சிறு கசிவும்.

"மூளைக்குள்ள ரத்தம் கசியேக்க, உறையாமல் இருக்க ஊசி போடுறதோ?" என்று கணவர் பதறினார். நியாயமான பயம். வெள்ளவத்தைக் கால்வாயின் வாயை மண் மூடினால் உள்ளே தெருக்களில் தண்ணீர் ஏறும் அல்லவா? இந்தக் கசிவும் அப்படித்தான். அதனால் கசிவு இருந்தாலும், அடைப்பு மேலும் வளராமல் இருக்க, ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி கொடுப்பதே வழக்கமான சிகிச்சை.

மாமியார் மெதுவாகச் சொன்னார்: "தண்ணி கனக்கக் குடுக்கேல்லத் தம்பி, சன்னி வந்திடும் எண்டு." அவரைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பிரசவத்துக்குப் பின் சில வாரங்களுக்கு ரத்தம் இயல்பாகவே எளிதில் உறையும். உடல் வறண்டால் அந்த ஆபத்து கூடும். அவர் சன்னி என்று பயந்த வலிப்பும் இந்த அடைப்பாலேயே வரலாம். பத்தியம் இருக்கட்டும், தாகத்துக்குத் தண்ணீர் கொடுங்கள்.

நாளுக்கு நாள் கூடும் தலையிடி, பார்வை மங்கல், வாந்தி, வலிப்பு, ஒரு பக்கம் பலமிழப்பு, இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள். சாதாரண சிடி ஸ்கேனில் இந்த அடைப்பு தெரியாமலும் போகலாம். நாளங்களைத் தனியாகப் படம் பிடிக்க வேண்டிவரும். அப்புறம், பிள்ளை பிறந்து எத்தனை நாள், ரத்தம் உறைவதைக் கூட்டக்கூடிய கருத்தடை மாத்திரை எடுக்கிறீர்களா என்பதை வைத்தியர் கேட்குமுன் நீங்களே சொல்லிவிடுங்கள்.