ஐம்பதா, நூறா? பழம்பொருளுக்குச் சட்டம் வைத்திருக்கும் வயது

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டார ரப்பர் தோட்டங்களில் தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளான லயங்கள் காலியாகும்போதெல்லாம் பழைய இரும்பு லோரி வாசலில் வந்து நிற்கிறது. பித்தளைச் செம்பும் பால் வாளியும் தையல் இயந்திரமும் கிலோக் கணக்கில் ஏறிப் போகின்றன. அதே செம்பைச் சந்தையில் ‘அண்டிக்’, அதாவது பழம்பொருள், என்று சொல்லிப் பல மடங்கு விலைக்கு விற்கிறார்கள். எது அண்டிக் என்பதற்குச் சட்டத்திலேயே விடை இருக்கிறது.

மலேசியாவில் இதற்குரியது 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம். 2006 மார்ச் 1இல் நடப்புக்கு வந்தது. ஓரிடத்திலிருந்து எடுத்துச் செல்லக்கூடிய ஒரு பொருளுக்குக் குறைந்தது 50 வயது ஆகியிருந்தால், அல்லது ஆகியிருக்கும் என்று நியாயமாக நம்ப முடிந்தால், அது தொல்பொருள். 1970இல் வாங்கிய வானொலிப் பெட்டிகூட இந்தக் கணக்கில் தேறிவிடும்.

இதைக் கேட்டதும் பாட்டியின் குத்துவிளக்கை அரசாங்கம் கொண்டுபோய்விடுமோ என்று பயப்பட வேண்டாம். வயது மட்டும் ஒரு பொருளை மரபுடைமையாக்குவதில்லை. மரபுடைமை ஆணையர் அதை அறிவித்துப் பதிவேட்டில் சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்ந்த பொருளை உரிமம் இல்லாமல் நாட்டைவிட்டு வெளியே அனுப்பக்கூடாது. மண்ணைத் தோண்டும்போது மரபு மதிப்புள்ளதாகத் தோன்றும் பொருள் ஏதும் கிடைத்தால் கதை வேறு. உடனே ஆணையரிடமோ மாவட்ட அதிகாரியிடமோ தெரிவித்தாக வேண்டும்.

சுங்கத்துறைக் கணக்கு இன்னொன்று. உலக நாடுகள் பொதுவாகப் பின்பற்றும் சரக்குப் பட்டியலில் 97.06 என்ற தலைப்பு 100 ஆண்டைத் தாண்டிய பொருள்களுக்கு மட்டும் உரியது. ‘விண்டேஜ்’ என்பதற்குச் சட்ட வயது எதுவும் கிடையாது. இருபது ஆண்டுக்கு மேற்பட்டதை அப்படி அழைப்பது வியாபார வழக்கம், அவ்வளவுதான். யாராவது அப்படிச் சொல்லி விற்றால், எந்தக் காலத்துப் பொருள், எப்படித் தெரியும் என்று கேளுங்கள்.

வயதைப் பொருளே சொல்லும். பித்தளைப் பாத்திரமாக இருந்தால் விளிம்பைத் திருப்பிப் பாருங்கள். புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருப்பார்கள். அதில் ‘லை’, ‘னை’ போன்றவை மேலே துதிக்கை வளைந்த பழைய வடிவில் இருந்தால், தமிழ்நாட்டு அரசு 1978இல் எழுத்தைச் சீர்திருத்துவதற்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு உண்டு. பழக்கத்தால் பிறகும் அப்படி எழுதியவர்கள் இருந்ததால் இதை மட்டும் வைத்து முடிவு கட்டிவிடக்கூடாது. தகர டின்னில் நாட்டின் பெயர் ‘மலாயா’ என்று இருந்தால், 1963 செப்டம்பரில் மலேசியா உருவாவதற்கு முந்தியது என்று பெரும்பாலும் கொள்ளலாம். 1942-45இல் ஜப்பானியர் ஆண்டபோது வெளியிட்ட வாழைமர நோட்டு உண்மையிலேயே பழையதுதான். ஆனால் அளவில்லாமல் அச்சடித்துத் தள்ளியதால் சாதாரண நோட்டுக்கு அப்படியொன்றும் விலை இல்லை.

எனக்கு மிகவும் வலிப்பது தோட்டத் தொழிலாளர்களின் வேலை நாளையும் சம்பளத்தையும் பதிந்த செக்ரோல் புத்தகங்கள் பழைய பேப்பரோடு போவதுதான். யார் எத்தனை நாள் ரப்பர் மரத்தில் பால் வெட்டினார், என்ன சம்பளம் வாங்கினார் என்பதற்கு வேறு சாட்சி நம்மிடம் குறைவு. ஐம்பது ஆண்டைக் கடந்த புத்தகமும் இந்தச் சட்டத்தின் பார்வையில் தொல்பொருள்தான். கையில் இருந்தால் எடைக்குப் போடுவதற்கு முன் தேசிய மரபுடைமைத் துறையிடம் காட்டுங்கள்.

தமிழ்நாட்டுக்குப் போய் வாங்கி வருபவர்களுக்கு அங்குள்ள சட்டம் இன்னும் கடுமை. இந்தியாவின் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி 100 ஆண்டான சிலையும் விளக்கும், 75 ஆண்டான மதிப்புமிக்க சுவடியும் தொல்பொருள்கள். தனியாள் அவற்றை நாட்டைவிட்டுக் கொண்டுவர முடியாது. கடைக்காரர் “நூற்றைம்பது வருஷத்துச் சிலை” என்றால் ஒன்று அது பொய், அல்லது அதை விமானத்தில் ஏற்றுவது குற்றம். பார்க்கப் பழையதாகத் தெரியும் புதிய சிலைக்கு, அது தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் வாங்கிக்கொண்டு விமான நிலையத்துக்குப் போங்கள்.