ஆடி முழுக்கப் பெட்டிக்குள் கிடந்த நாயனம்

ஆவணி முதல் முகூர்த்தம் நெருங்கினால் என் பட்டறையில் கூட்டம்தான். கொழிஞ்சாம்பாறை, சித்தூர், கொல்லங்கோடு என்று பாலக்காட்டுச் சுற்றுவட்டாரத்து நாயனக்காரர்கள் பெட்டியோடு வந்து நிற்பார்கள். "ஆனி வரைக்கும் நல்லாத்தாங்ணா பேசுச்சு, இப்ப சத்தமே ஏற மாட்டேங்குது."

நமக்கு ஆடி, மலையாளிகளுக்குக் கர்க்கடகம். இரண்டு வீட்டிலும் கல்யாணம் கிடையாது, மழை மட்டும் உண்டு. காற்றில் ஈரம் மிகுந்திருக்கும் நாட்களில்தான் வாத்தியம் மூடியே கிடக்கிறது.

இந்த வருடம் ஒரு பையனின் பெட்டியைத் திறந்ததும் காயாத துணி நாற்றம். நாயனத்தின் நுனியில் மாட்டி ஊதுகிற நாணல் சீவாளிகளின் கொத்து அப்படியே பிளாஸ்டிக் கவருக்குள் இருந்தது. ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். வெளியே சுத்தம். உள்ளே மிளகுத்தூள் தூவியது போலக் கரும்புள்ளிகள், பூஞ்சை. "தொடச்சுட்டு வாசிக்கலாங்களா?" என்றான். வாயில் வைக்கிற சாமான் தம்பி, தூக்கிப் போடு என்றேன். அவன் முகம் வாடிவிட்டது. நல்ல சீவாளி அமைவது எவ்வளவு பாடு என்று எனக்கும் தெரியும்.

ஆனாலும் விளையாட்டில்லை. இங்கிலாந்தில் தினமும் பேக்பைப் என்ற பை வைத்த ஊதுவாத்தியம் வாசித்த ஒருவருக்கு நுரையீரல் அழற்சி. 2011இல் வாத்தியத்தை விட்டுவிட்டு மூன்று மாதம் ஆஸ்திரேலியா போனபோது மூச்சு தேறியது. திரும்பி வந்து வாசித்ததும் மோசமானது. 2014இல் இறந்துபோனார். அவருடைய வாத்தியத்துக்குள் பலவகைப் பூஞ்சைகள் இருந்ததை 2016இல் 'தோராக்ஸ்' மருத்துவ இதழில் எழுதினார்கள்.

உள்ளே நிற்கும் தண்ணீரை எச்சில் என்கிறார்கள். பெரும்பாலும் அது மூச்சின் ஆவி. குளிர்ந்த மரத்தில் பட்டு, சோற்றுப்பானை மூடியில் முத்துப்போல் நிற்குமே, அப்படி நிற்கிறது. அதனால் வாசித்து முடித்ததும் அடியில் விரிந்திருக்கும் அணைசையும், சீவாளி மாட்டும் சிறு குழாயான கெண்டையையும் கழற்றி, மெல்லிய பருத்தித் துணியை உள்ளே இழுத்து எடுங்கள். துணியின் இரண்டு முனையிலும் நூல் கட்டுங்கள். மேலே போகப்போகத் துவாரம் குறுகும், சிக்கினால் திருப்பி இழுக்கலாம். கெண்டையில் சுற்றிய நூலையும் ஈரமா என்று தொட்டுப் பாருங்கள், எல்லாரும் மறக்கிற இடம் அது.

சீவாளியை உதறித் துடைத்து நிழலில் காற்றாட விட்டு, காய்ந்தபின் துணிப்பையில் போடுங்கள். வெயில் வேண்டாம். அவசரத்தில் நானே ஒருமுறை மதில்மேல் காயவைத்து, மூன்றைப் பிளக்கவிட்டேன். கிளாரினெட்காரர்கள் ரீடைக் கழற்றிச் சமதளத்தில் காயவையுங்கள். பலர் அதைக் கிளாரினெட்டின் ஊதும் முனையிலேயே மாட்டிவைத்துப் பெட்டியை மூடிவிடுகிறார்கள்.

கச்சேரி இல்லாத ஆடியிலும் வாரம் இரண்டு நாள் பெட்டியைத் திறந்து, பத்து நிமிடம் ஊதி, துடைத்து வையுங்கள். செருப்புப் பெட்டியில் வரும், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றிரண்டு உள்ளே கிடக்கட்டும்.

மார்கழியில் அந்தப் பொட்டலத்தை எடுத்துவிடுங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கத் தொடங்கினால் உதடே வெடிக்கும், மரமும் அப்படித்தான். அப்போது பெட்டியை ஜன்னலோரம் வைக்காதீர்கள். சீவாளியையும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக நனைத்துப் பதம் பார்த்த பிறகே வாயில் வையுங்கள்.